நடுக்கடலில் திசைமாறிய கான்வாய்: 1942 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா செய்தது சரியா?

ஆவணப்பித்தன் எழுதியது:

டாப்ருக் (வட ஆப்பிரிக்கப் போர்முனை) பற்றிய இழையில் ஒரு கேள்வி பாதியிலேயே நின்றுபோனது. கூட்டணியாகப் போரிடும்போது சின்ன நாடு தன் படையைத் திருப்பிக் கேட்டால் அது உரிமையா, துரோகமா? தனி இழையாகவே பேசிவிடலாம். எடுத்துக்காட்டுக்கு ஆஸ்திரேலியாவின் 7வது டிவிஷன் (சில பிரிகேட் சேர்ந்த பெரிய படைப்பிரிவுதான் டிவிஷன்).

பின்னணி தெரியாதவர்களுக்காக: இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் ஆஸ்திரேலியா வெளிநாட்டுப் போருக்கென்று நாலு டிவிஷன் திரட்டியது. 6, 7, 9 மூன்றும் மத்தியக் கிழக்குக்குப் போயின. 8வதில் இரண்டு பிரிகேட் மலாயாவுக்கு. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும், 6வதையும் 7வதையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு (இன்றைய இந்தோனேசியா) அனுப்பலாம் என்று ஜனவரி தொடக்கத்தில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் கேட்டார், ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் கர்ட்டின் ஒப்புக்கொண்டார். படை கப்பலேறியது. அது போய்ச் சேர்வதற்குள் பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஏறத்தாழ 15,000 ஆஸ்திரேலியர்கள் போர்க்கைதிகள்.

அதே நாளில் ஆஸ்திரேலியத் தரைப்படைத் தலைமை அதிகாரி ஸ்டர்டி, ஜாவாவைக் காப்பாற்ற முடியாது, படையை நாட்டுக்குத் திருப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தார். 17ஆம் தேதி கர்ட்டின் லண்டனுக்குத் தந்தி அடித்தார். லண்டனின் கணக்கு வேறு: பர்மாவின் ரங்கூனைக் காக்க 7வது டிவிஷன் வேண்டும். லண்டனிலிருந்த ஆஸ்திரேலியாவின் சிறப்புத் தூதர் ஏர்ல் பேஜ்கூட அதற்கு ஆதரவு. 20ஆம் தேதி சர்ச்சில் அழுத்தமாகக் கேட்டார், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்து கேட்டார். 22ஆம் தேதி கர்ட்டின் முடியாது என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த இழைக்குக் காரணம். கர்ட்டினின் பதில் வருவதற்கு முன்பே படை வந்த கான்வாயை (கப்பல் அணியை) வடக்கே, பர்மா பக்கமாகத் திருப்பச் சொல்லிவிட்டார் சர்ச்சில். மறுப்பு வந்த பிறகுதான் அதைச் சொன்னார். நீங்கள் மறுப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, சில கப்பல்கள் இப்போது எண்ணெய் நிரப்பாமல் ஆஸ்திரேலியா வர முடியாத தூரத்துக்குப் போய்விட்டன என்று தந்தி. 23ஆம் தேதி கர்ட்டின் அனுப்பிய பதிலின் சாரம் இது: எங்கள் சம்மதத்தை வெறும் சம்பிரதாயமாக நினைத்துவிட்டீர்கள், இதனால் கான்வாய்க்கு நேரும் ஆபத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. சர்ச்சில் இறங்கிவந்தார். கப்பல்கள் கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு தெற்கே திரும்பின.

கர்ட்டின் செய்தது சரி என்பது என் கட்சி. கப்பலும் பிரிட்டனுடையது, காவலுக்கு வந்த போர்க்கப்பலும் பிரிட்டனுடையது. உத்தரவு மட்டும் கான்பெராவிலிருந்து வந்தது, அது நின்றது.

---

வரைபடம் எழுதியது:

பித்தன் அண்ணா, பதிவு அருமை. ஆனால் கட்சியை ஏற்க மாட்டேன்.

ரங்கூனை ஒரு துறைமுகமாக மட்டும் பார்த்தால் கர்ட்டின் சரிதான். அது சீனாவுக்கு ஆயுதம் போகிற பர்மா சாலையின் வாசல். அது மூடினால் சீனத் தலைவர் சியாங் கை ஷேக்குக்கு இமயமலைக்கு மேலே விமானத்தில்தான் அனுப்ப வேண்டும், அப்படித்தான் ஆனது. பர்மா அரிசி வங்காளத்துக்கு நின்றது. 1943 பஞ்சத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை, ஆனால் காரணங்களில் ஒன்று. நாலு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவிலிருந்து தரைவழியாகவும் கடல்வழியாகவும் ஓடிவந்தார்கள். ஆயிரக்கணக்கில் காட்டில் செத்தார்கள். அதில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று செட்டிநாட்டிலும் ராமநாதபுரத்திலும் கேட்டால் தெரியும்.

இன்னொன்றையும் நீங்கள் சொல்லவில்லை. ஜனவரி 23 அன்று இதே ஆஸ்திரேலிய அரசு சர்ச்சிலுக்கு என்ன தந்தி அனுப்பியது? சிங்கப்பூரைக் கைவிடுவது மன்னிக்க முடியாத துரோகம் என்று. அந்த நேரத்தில் சர்ச்சில், மிச்சப் படையைச் சிங்கப்பூரில் கொட்டுவதா, பர்மாவுக்குத் திருப்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பிரிட்டனின் 18வது டிவிஷனின் பெரும்பகுதி ஜனவரி 29 அன்று சிங்கப்பூரில் போய் இறங்கி, மூன்று வாரம்கூட ஆகாமல் முழுசாகக் கைதியானது. அடுத்தவன் படையைச் சிங்கப்பூருக்கு அனுப்பு என்று கத்தியவர்கள், தங்கள் முறை வந்தபோது தர மறுத்தார்கள். கூட்டணியில் இது சரியா?

---

கடலோடி எழுதியது:

சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் என்பதால் கப்பலில் ஏற்றும் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இந்த விவாதத்தில் ஆட்களைப் பற்றிப் பேசுகிறோம், கப்பலுக்குள் எது எங்கே இருந்தது என்பதைப் பேசுவதில்லை.

படையைக் கப்பலில் ஏற்ற இரண்டு முறை. இறங்கியதும் சண்டை போட வேண்டும் என்றால் ஒரு பட்டாலியனின் ஆட்கள், துப்பாக்கி, வண்டி, குண்டு எல்லாம் ஒன்றாகப் போக வேண்டும். முதலில் தேவைப்படுவது ஹோல்டில் (கப்பலின் சரக்கறையில்) கடைசியாக ஏறும், அப்போதுதான் மேலே கிடக்கும். இதில் இடம் ஏகமாக வீணாகும். அமைதியான துறைமுகத்தில் இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், வேகமான பயணிகள் கப்பலில் ஆட்கள், மெதுவான சரக்குக் கப்பலில் சாமான். இடம் மிச்சம், ஆனால் ஆளும் பீரங்கியும் வேறு வேறு நாளில் வரும்.

ஆஸ்திரேலியப் படை மத்தியக் கிழக்கிலிருந்து ஏறியது இரண்டாவது முறையில். முன்னால் வந்த கப்பல்களில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுடைய கனரகச் சாமான் பின்னால் வேறு கப்பல்களில். அந்த நிலையில் குண்டு விழுகிற ரங்கூன் துறையில் இறங்கினால் கையிலிருக்கும் ரைஃபிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிரேன் இயக்குகிறவன், சுமை தூக்குகிறவன் எல்லாம் ஏற்கெனவே ஊரைவிட்டு ஓடியிருந்தான். ரங்கூன் துறைமுகத் தொழிலாளர் பெரும்பாலும் இந்தியர்கள், தெலுங்குக்காரர்கள் அதிகம். 1941 டிசம்பர் குண்டுவீச்சிலேயே கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள்.

சர்ச்சில் மேசையில் இருந்த வரைபடத்தில் ஒரு முழு டிவிஷன். தண்ணீரில் இருந்தது டிவிஷனின் பாதி.

---

ஆவணப்பித்தன் எழுதியது:

நன்றி கடலோடி ஐயா, எனக்கு எழுதத் தெரியாத பக்கம் அது.

வரைபடம் தம்பிக்கு: ஜனவரி 23 தந்தி உண்மை. அதை எழுதியதில் வெளியுறவு அமைச்சர் எவாட்டின் கை பெரியது. சர்ச்சில் பிற்பாடு, அந்தத் தந்தி தன் முடிவைப் பாதித்தது என்றே சொன்னார். அந்த 18வது டிவிஷன் வீரர்களின் கதி எனக்கும் கனக்கிறது. ஆனால் மலாயா-சிங்கப்பூர் களத்தில் அப்போது ஆஸ்திரேலியாவின் இரண்டு பிரிகேட் மாட்டியிருந்தது. தங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு கைவிடாதே என்று கேட்பதும், தங்கள் ஆட்களே இல்லாத இடத்தில் நில் என்பதும் ஒன்றில்லை.

ரங்கூன் காலக்கணக்கைப் பாருங்கள். பிப்ரவரி 23 அதிகாலை, ரங்கூனுக்குப் போகும் வழியிலிருந்த சிட்டாங் ஆற்றுப் பாலத்தைப் பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்பே தகர்த்தது. 17வது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேட் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாதிப்பேர் நீந்தி வந்தார்கள், ஆயுதத்தைப் போட்டுவிட்டு. கர்ட்டின் கடைசித் தந்தி அனுப்பியதும் அதே 23தான். 7வது டிவிஷனின் முதல் கப்பல்கள் நேராகப் போயிருந்தாலும் 26, 27க்கு முன் ரங்கூன் சேர்ந்திருக்காது. மார்ச் தொடக்கத்தில் 63வது இந்திய பிரிகேட் அங்கே இறங்கியது, சில நாளிலேயே வடக்கே பின்வாங்க வேண்டியதாயிற்று. மார்ச் 8 ஜப்பானியர் ரங்கூனில். ஆஸ்திரேலியர்களும் அந்தப் பின்வாங்கலில்தான் நடந்திருப்பார்கள், தொள்ளாயிரம் மைல், இந்திய எல்லை வரை.

---

வரைபடம் எழுதியது:

நேரக்கணக்கை ஏற்கிறேன். ஆனால் 22ஆம் தேதி முடிவெடுத்த கர்ட்டினுக்கு 23ஆம் தேதி பாலம் தெரியாது. அவர் முடிவின் நியாயத்தை அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எடை போட வேண்டும். அவருக்குத் தெரிந்தது ஆஸ்திரேலியாவின் வடக்குத் துறைமுகமான டார்வின் மட்டும். 19ஆம் தேதி குண்டு விழுந்தது. ஜப்பான் இறங்கப் போகிறது என்று பயந்தார். ஜப்பானியக் கடற்படையில் சிலர் அப்படி யோசித்தார்கள், தரைப்படை ஆள் இல்லை என்று தள்ளிவிட்டது. பயத்தில் எடுத்த முடிவு சரியாக விழுந்தது, அவ்வளவுதான்.

---

ஆவணப்பித்தன் எழுதியது:

ஜப்பானியத் தலைமையகத்தின் கோப்பு கான்பெராவுக்கு எப்படித் தெரியும் தம்பி? அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து எடை போடு என்று நீங்களே சொன்னீர்கள். பயிற்சி பெற்ற படை முழுக்க வெளிநாட்டில், வடக்குத் துறைமுகம் எரிகிறது, இருநூறுக்கு மேல் பிணம். ஸ்டர்டி கேட்டது நாட்டின் கரையைச் சுற்றிலும் ஆள் நிறுத்துவதற்கு மட்டும் இல்லை, பிற்பாடு திருப்பி அடிக்க ஒரு தளமும் படையும் கைவசம் இருக்க வேண்டும் என்பதற்கும். ஆகஸ்டில் நியூகினித் தீவின் கோகோடா மலைப்பாதையில் ஜப்பானியரை எதிர்கொண்டது அதே 7வது டிவிஷனின் 21வது பிரிகேட். அதே தீவின் மில்ன் விரிகுடாவில் ஜப்பானியரைத் தோற்கடித்தவர்களில் 18வது பிரிகேட் முக்கியம்.

---

பாடுமீன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். மட்டக்களப்பில இருந்து எழுதுறன். ஒரு விசயத்த எல்லாரும் விட்டிட்டியள்.

கர்ட்டின் பர்மாவுக்கு மறுத்தாலும், மார்ச் முதல் கிழமையிலயே 6வது டிவிஷன்ர இரண்டு பிரிகேட்ட இலங்கைக்குத் தாறன் எண்டு தானாவே சொன்னவர். 16வதும் 17வதும். கொஞ்சக் காலத்துக்கு எண்டுதான் பேச்சு. ஆனா யூலை வரைக்கும் இருந்தவை, தென்மேற்குப் பக்கம் காட்டுப் பயிற்சியோட. ஆகஸ்டிலதான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தவை. அதே 16வது பிரிகேட்தான் பிறகு கோகோடாவில போய் நிண்டது. அப்ப கூட்டணிக்கு ஒண்டுமே குடுக்கேல்ல எண்டு சொல்லேலாது.

அந்த ஏப்ரல் எங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அம்மம்மா ஆக்கள் சொல்லிச் சொல்லி. 5ஆம் தேதி உயிர்த்த ஞாயிறு கொழும்பில குண்டு. 9ஆம் தேதி திருகோணமலை. அண்டைக்கே எங்கட கடலில ஹெர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பலையும், அதோட வந்த வாம்பயர் எண்ட ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் ஜப்பான்காரன் தாட்டவன். ஹெர்மிஸில செத்தது மட்டும் 300 பேருக்கு மேல. விட்டா எண்ட ஆஸ்பத்திரிக் கப்பல் பக்கத்தில வந்தபடியாத்தான் மிச்ச ஆக்கள் தப்பினவை. ஹெர்மிஸ் இப்பவும் அங்கதான் கிடக்கு. சுழியோடிகள் அதைப் பாக்கவெண்டே எங்கட ஊருக்கு வருவினம், நல்ல ஆழம், பழகாத ஆள் இறங்கேலாது.

வாம்பயர் ஆஸ்திரேலியக் கப்பல், ஆனா பிரிட்டிஷ் கட்டளையில ஓடினது. 7வது டிவிஷனத் திருப்பிக் கேக்கேக்க ஒருத்தரும் வாம்பயரத் திருப்பிக் கேக்கேல்ல. கடற்படை எப்பவும் கலந்துதான் ஓடும், அதில இது என்ர, அது உன்ர எண்டு பிரிக்கேலாது.

---

நிலா_கோவை எழுதியது:

பாடுமீன், கடைசி வரி முக்கியமானது. நன்றி.

எனக்கு ஒரு சந்தேகம். ரூஸ்வெல்ட் ஏன் இதில் சர்ச்சில் பக்கம் நின்றார்? ஆஸ்திரேலியா டிசம்பரிலேயே அமெரிக்காவை நம்புகிறோம் என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டதே.

---

ஆவணப்பித்தன் எழுதியது:

நிலா, டிசம்பர் 27 மெல்பர்ன் ஹெரால்டு கட்டுரையைச் சொல்கிறீர்கள். கர்ட்டின் நம்பினார், ஆனால் வாஷிங்டனில் அவருக்கு நாற்காலி கிடையாது. டிசம்பர் 22லிருந்து ஜனவரி 14 வரை வாஷிங்டனில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் உட்கார்ந்து பேசிய ஆர்கேடியா மாநாட்டில்தான் கூட்டுத் தலைமைத் தளபதிகள் குழு உருவானது. எந்தப் படை, எந்தக் கடல், எந்தக் கப்பல் என்று முடிவெடுத்தது அந்தக் குழு. உறுப்பினர் பிரிட்டனும் அமெரிக்காவும் மட்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, நெதர்லாந்து யாரும் இல்லை. பசிபிக் போர்க் கவுன்சில் என்று ஒன்று பிப்ரவரியில் லண்டனில் கூடியது, ஏப்ரலில் வாஷிங்டனில் இன்னொன்று. கருத்துச் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது.

அமெரிக்காவுக்குச் சீனா போரில் நீடிக்க வேண்டும், அதனால் பர்மா சாலை திறந்திருக்க வேண்டும். ரூஸ்வெல்ட் சும்மா கேட்கவில்லை, பதிலுக்கு ஒரு அமெரிக்க டிவிஷனை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். கர்ட்டின் மறுத்த பிறகும் அதை நிறுத்தவில்லை, 41வது டிவிஷன் வந்தது. மே மாதம் 32வதும் வந்தது. மத்தியக் கிழக்கிலிருந்த ஆஸ்திரேலியாவின் 9வது டிவிஷன் அங்கேயே இருக்கட்டும் என்பதற்கு இது ஈடு. இந்தியப் பெருங்கடலில் இரண்டு படை எதிரும் புதிருமாகப் பயணம் போவதற்குப் பதிலாக, பசிபிக்கைக் கடந்து ஒரு படை வந்தால் போதும், கப்பல் மிச்சம். நான் பார்த்தவரை இந்தப் போரில் கப்பல்தான் ரேஷன் அரிசி. படை எவ்வளவு வேண்டுமானாலும் திரட்டலாம், ஏற்றிச் செல்ல டன் கணக்கு இருக்காது.

---

கடலோடி எழுதியது:

அந்த 18வது டிவிஷன் போன கப்பல்களைப் பற்றி ஒரு சேதி. அவை அமெரிக்கக் கப்பல்கள். ஏறியபோது அமெரிக்கா போரிலேயே இல்லை.

1941 செப்டம்பர் வாக்கில் மத்தியக் கிழக்குக்குப் படை அனுப்பக் கப்பல் போதவில்லை என்று சர்ச்சில் ரூஸ்வெல்ட்டைக் கேட்டார். பிரிட்டிஷ் கப்பலில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் வரை வந்து, அங்கே அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் மாறினார்கள், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். மவுண்ட் வெர்னன், வெஸ்ட் பாயிண்ட், வேக்ஃபீல்டு மூன்றும் அட்லாண்டிக்கில் ஓடிய சொகுசுக் கப்பல்கள், கடற்படை எடுத்துப் பெயர் மாற்றியது. நவம்பர் 10 புறப்பட்டது, டிசம்பர் 9 கேப் டவுன். அதற்கு இரண்டு நாள் முன்தான் பேர்ல் ஹார்பர். பாலைவனப் போருக்குக் கிளம்பியவர்களைத் திசை மாற்றினார்கள். ஒரு பிரிகேட் ஜனவரி 13 அன்றே சிங்கப்பூர், மற்றவை பம்பாய் வழியாக 29. மூன்று மாதம் கப்பலில் உட்கார்ந்தே வந்தவனுக்குக் காலே மரத்துப்போயிருக்கும், ரப்பர் தோட்டத்துச் சண்டை அவன் பார்த்ததும் இல்லை, படித்ததும் இல்லை.

ஆட்களை இறக்கியதும் வேக்ஃபீல்டும் வெஸ்ட் பாயிண்டும் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வெளியேறின. வேக்ஃபீல்டில் குண்டு விழுந்தது, தப்பியது.

---

செம்மண் எழுதியது:

மேலே உள்ள எல்லாவற்றையும் படித்தேன். யார் கேட்டார், யார் மறுத்தார் என்று பேசுகிறோம். கேட்கப்படவே இல்லாதவர்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

சிங்கப்பூரில் சரணடைந்தவர்களில் பெரிய பங்கு இந்திய வீரர்கள், நாற்பதாயிரம் பேருக்குக் குறையாது. 45வது இந்திய பிரிகேட் மத்தியக் கிழக்குக்கு என்று தயார் செய்யப்பட்ட, அரைகுறைப் பயிற்சி பெற்ற பிரிகேட். மலாயாவில் இறக்கி, ஜனவரி நடுவில் மூவார் ஆற்றங்கரையில் நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் அது படையாகவே இல்லாமல் போனது. 44வது பிரிகேட்டும் அதே தரம், ஜனவரி கடைசியில் சிங்கப்பூர் போய் நேராகச் சிறை.

இவர்களை அனுப்பலாமா என்று யார் யாரிடம் கேட்டார்கள்? 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். எந்தச் சட்டசபையையும் கேட்கவில்லை. அதை எதிர்த்துத்தான் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன, சென்னையில் ராஜாஜி உட்பட. ஆஸ்திரேலியாவுக்குக் கர்ட்டின் இருந்தார். தந்தி அடிக்க ஒரு பிரதமர், பின்னால் ஒரு பாராளுமன்றம், அதற்கு வாக்களித்த வீரனின் அப்பா அம்மா. 45வது பிரிகேட்டில் இருந்த பையனுக்கு யார் தந்தி அடிப்பார்?

பித்தன் அண்ணா, உத்தரவு கான்பெராவிலிருந்து வந்தது, நின்றது என்று எழுதினீர்கள். நின்றதற்குக் காரணம் கர்ட்டினின் நெஞ்சுரம் மட்டும் இல்லை. வெள்ளையர் டொமினியன் (பேரரசுக்குள் தன்னாட்சி நாடு) என்ற அந்தஸ்தும்தான்.

---

வரைபடம் எழுதியது:

செம்மண், இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ரங்கூனைக் காக்க ஆள் இல்லாமல் போனபோது கடைசிவரை மாட்டிக்கொண்டதும் 17வது இந்திய டிவிஷன்தான்.

---

பழைய_நூலகர் எழுதியது:

செம்மண் சொன்னதோடு முதல் உலகப்போர் ஒன்றைச் சேர்க்கிறேன்.

1918 வசந்தத்தில் ஜெர்மானியர் பெரும் தாக்குதலில் முன்னேறியபோது, அமெரிக்க வீரர்களைத் தனித்தனிப் பட்டாலியனாக எங்கள் படையில் நிரப்பிக்கொள்கிறோம், கப்பல் நாங்கள் தருகிறோம் என்றது பிரிட்டன். பிரான்ஸும் அதையே கேட்டது. அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் ஒத்துக்கொள்ளவில்லை, அமெரிக்கப் படை அமெரிக்கக் கொடியின் கீழ் தனியாக நிற்கும் என்றார். மே 1, 2 தேதிகளில் அபெவில் நகரில் பேச்சு முற்றியது. நாங்கள் லுவார் ஆறு வரை பின்தள்ளப்பட்டாலும் பரவாயில்லையா என்று பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ் கேட்டார். ஆம், அந்த ஆபத்தை ஏற்கிறேன் என்றார் பெர்ஷிங். கடைசியில் அமெரிக்கப் படையில் ஏறத்தாழ பாதியைக் கடல் கடத்தியது பிரிட்டிஷ் கப்பல்கள்தான்.

இவ்வளவு பிடிவாதம் பிடித்த அதே பெர்ஷிங், நாலு ரெஜிமென்டை மட்டும் பிரெஞ்சுப் படைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். 369வது உட்பட நாலும் கறுப்பின வீரர்களுடையவை. பிரெஞ்சு ஹெல்மெட், பிரெஞ்சுத் துப்பாக்கியோடு போரிட்டார்கள். யாரைப் பிரித்துக் கொடுக்கக்கூடாது, யாரைக் கொடுக்கலாம் என்பதில் ஒவ்வொரு அரசுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

---

ஈப்போ_மகன் எழுதியது:

மலேசியாவிலிருந்து. கர்ட்டின் காப்பாற்றினார் என்று சொல்லும்போது காப்பாற்ற முடியாதவர்களையும் சொல்லுங்கள். அதே படையை ஏற்றிவந்த ஆர்கேடிஸ் கப்பல் மற்றவற்றைவிட வேகமாக வந்து பிப்ரவரி 17, 18 வாக்கில் ஜாவாவின் பத்தாவியா சேர்ந்துவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம் ஆஸ்திரேலியர்கள். இறக்க வேண்டாம் என்று அவர்களின் தளபதி லவராக் வாதாடினார். இப்போது கிளம்பினால் டச்சுக்காரர்களிடம் என்ன பெயர் வரும் என்று கூட்டணிப் படைத் தலைவர் வேவல் இறக்கச் சொன்னார். மார்ச்சில் எல்லாரும் ஜப்பானியரிடம் கைதி. கூட்டாளியின் முகம் கோணக்கூடாது என்பதற்காகப் போனவர்கள் இவர்கள்.

அதில் பலர் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குப் போனார்கள். எங்கள் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்ததும் அதே பாதையில். வீரனுக்காவது ரெஜிமென்ட் பதிவேட்டில் பெயர், எண் இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறை இருக்கிறது. எங்கள் ஆட்களில் பெரும்பாலோருக்கு எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாது.

---

நிலா_கோவை எழுதியது:

ஈப்போ அண்ணன், அதற்கு ஒரு தனி இழை கட்டாயம் தொடங்குங்கள்.

இந்த இழையில் ஒரே ஒரு கேள்வி பாக்கி. நியூசிலாந்து ஏன் கேட்கவில்லை? அவர்களும் அதே ஆபத்தில்தானே இருந்தார்கள்?

---

ஆவணப்பித்தன் எழுதியது:

செம்மண் சொன்னது என் முதல் பதிவில் இருந்திருக்க வேண்டிய வரி. கர்ட்டினின் உரிமையை முழுசாக ஆதரிக்கிறேன், அந்த உரிமை இந்தியருக்கும் இருந்திருக்க வேண்டும் என்பதால் இன்னும் கூடுதலாக ஆதரிக்கிறேன்.

நியூசிலாந்து கதை வேறு மாதிரி. பிரதமர் பீட்டர் ஃப்ரேசர் தன் டிவிஷனை மத்தியதரைக்கடலிலேயே விட்டார், பதிலுக்கு அமெரிக்கப் படை 1942 ஜூனில் நியூசிலாந்துக்கு வந்தது. அவர்களின் தளபதி ஃப்ரெய்பர்க் கையில், பெரிய ஆபத்து என்றால் மேலதிகாரியைத் தாண்டி நேராகத் தன் அரசைக் கேட்கலாம் என்ற அதிகாரம் எழுத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் 9வது டிவிஷன் எகிப்தின் எல் அலமெய்ன் சண்டையை முடித்து 1943 பிப்ரவரியில் குயின் மேரி, அக்விடேனியா போன்ற பெரிய கப்பல்களில் ஊர் திரும்பியது. அதைப் பார்த்து நியூசிலாந்திலும் எங்கள் பையன்கள் எப்போது என்று கேட்டார்கள். மே மாதம் பாராளுமன்றம் ரகசியக் கூட்டம் போட்டு, டிவிஷன் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தது. கப்பல் இல்லை என்பதும் ஒரு காரணம், சர்ச்சில் கேட்டுக்கொண்டதும் ஒரு காரணம்.

ஆனால் ஏறத்தாழ ஆறாயிரம் பேரை விடுப்பில் ஊருக்கு அனுப்பினார்கள். 1943 ஜூலையில் வந்து இறங்கியவர்கள், உள்நாட்டில் திடகாத்திரமான ஆட்கள் ஆயிரக்கணக்கில் பாதுகாக்கப்பட்ட வேலையில் நல்ல சம்பளத்தோடு இருப்பதைக் கண்டார்கள். முதலில் அவர்களை அனுப்பு, பிறகு நாங்கள் வருகிறோம் என்று பெரும்பான்மையோர் திரும்பிப்போக மறுத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மீது வழக்கு, பணிநீக்கம். தணிக்கை இருந்ததால் பத்திரிகையில் அப்போது ஒரு வரி வரவில்லை. ஃப்ரேசர் சர்ச்சிலுக்குச் சொன்ன சம்மதத்தை, கிரீட்டிலும் அலமெய்னிலும் சண்டை போட்டு வந்தவர்கள் வெலிங்டன் துறையில் வைத்துத் திருப்பிக் கேட்டார்கள்.